நடப்போருக்கும் வீதி உரியது

(ஒருகொடவத்தையில் நடைபெற்ற குடியிருப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சந்தியைப் பற்றிப் பேசுவதற்கு அரசியற் கூட்டமா என்று நகைப்போர் நகைக்கட்டும். மொழியுரிமை பற்றியும் நிலவுரிமை பற்றியும் முழங்கிய மேடையில் நடைபாதையைப் பற்றிப் பேசுவது சிறுமை என்று எம்மவருள்ளேயே சிலர் எண்ணுகின்றனர். அவர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தனது 14ஆம் உறுப்புரையில், இந்நாட்டுப் பிரசை ஒவ்வொருவருக்கும் இலங்கை முழுவதிலும் நடமாடும் சுதந்திரத்தை வழங்கியிருக்கிறது. இலங்கை முழுவதும் நடமாடுவது பின்னர் இருக்கட்டும். சேதவத்தையிலிருந்து புறப்பட்டுப் பேஸ்லைன் வீதியின் மறுபக்கத்துப் பஸ் தரிப்பிடத்தை அச்சமின்றி அடைய முடியாதிருக்கும் ஒரு தாய்க்கு அந்தச் சுதந்திரத்தினால் விளைந்த பயன் யாது?

ஒருகொடவத்தை எத்தகைய இடம் என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று. கறுவாத்தோட்டத்திலிருந்து இவ்வுரையைப் பத்திரிகையிற் படிக்கப்போகின்றவர்களுக்காகச் சொல்கிறோம். கிருலப்பனையிலிருந்து பொரளை, தெமட்டகொடை வழியாக வரும் பேஸ்லைன் வீதி களனிப் பாலத்தை நோக்கிச் செல்லும் இடம் இது. வெல்லம்பிட்டி, கடுவெலை ஊடாக அவிசாவளைப் பக்கம் செல்லும் வீதி இங்கேதான் பிரிகிறது. துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளும், கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்துப் பவுசர்களும், சுங்கத்துச் சோதனைக்கு வரும் சரக்குகளும் இவ்வழியே. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்கா நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2021 நொவெம்பரில், யப்பானியக் கடனுதவியோடு, களனி கங்கைக்கு மேலாகப் புதிய கம்பிவடப் பாலம் திறக்கப்பட்டது. அதன் கிளைகளுள் ஒன்று இங்குருக்கடைச் சந்திக்கும், ஒன்று எமது ஒருகொடவத்தைக்கும் இறங்கின. அந்தப் பாலத்தை நாம் எதிர்ப்பவரல்லர். விமான நிலையத்துக்கு விரைந்து போக வேண்டியவர் போகட்டும். எமது கேள்வி வேறு. வானத்திலே வண்டிக்கு வழி வகுத்த அறிவு, அதன் காலடியில் மனிதனுக்கு வழி வகுக்கும்போது மட்டும் எங்கே ஒளிந்துகொண்டது?

கொழும்புக்கு வேண்டியதும் வேண்டாததும் இந்தப் பக்கத்துக்கே அனுப்பப்படுகின்றன. எண்ணெய் இங்கே, கொள்கலன் இங்கே, குப்பையும் இங்கேதான் வந்தது. மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, அந்தக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை விழுங்கிற்று. அன்று வந்த பெரிய மனிதர்கள் அனுதாபம் தெரிவித்துத் திரும்பினர். வீதியில் மடிவோருக்கு அந்த அனுதாபமும் இல்லை. அவர்கள் ஒருவர் ஒருவராக மடிகின்றனர், அவ்வளவே. இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் வாகனம் எதிலும் ஏறியிராத பாதசாரிகள்.

இனி, காரியத்துக்கு வருவோம். சென்ற கூட்டத்தில் இளைஞர்கள் சிலர், சந்தியின் நடுவே பெரிய சுற்றுவட்டம் ஒன்றை அமைக்கக் கோரவேண்டும் என்றனர். அவர்களுடைய ஆர்வத்தை மெச்சுகிறோம்; கோரிக்கையை ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் சுற்றுவட்டம் என்பது நல்ல மருந்து. ஆனால் எந்த நோய்க்கு, எந்த அளவில் என்று அறியாமற் கொடுத்தால் ஆளைக் கொல்லும் மருந்து.

வட்டத்தைச் சுற்றி ஒரே திசையில் வண்டிகளைச் செலுத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்கிலும் பாரிசிலும் ஏற்பட்டது. அந்த முதல் வட்டங்கள் பெரியவை. உள்ளே நுழைபவருக்கு முன்னுரிமையா, சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமையா என்ற விதி அங்கே தெளிவாக இல்லை. நுழைபவர் நுழைந்துகொண்டேயிருக்க, சுற்றுபவர் வெளியேற முடியாமல், வட்டமே இறுகிப் போயிற்று. 1966இலேதான் பிரித்தானியாவில் விதி திருத்தப்பட்டது: உள்ளே சுற்றும் வண்டிக்கு, நுழையும் வண்டி வழிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் எத்தனை உயிர்களைக் காத்தது! நல்ல சட்டம் நீண்டதாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு எமது தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அவ்விதியின் பின்னர் வட்டங்கள் சிறுத்தன. சிறுத்தபின் பயன் பெருகிற்று.

பயன் எவ்வாறு வருகிறது? சாதாரண நாற்சந்தி ஒன்றில் வண்டியோடு வண்டி மோதக்கூடிய புள்ளிகள் 32 என்று பொறியியலாளர் கணக்கிடுகின்றனர். ஒற்றை வரிசைச் சுற்றுவட்டத்தில் அவை 8. அந்த எட்டிலும் நேருக்கு நேர் மோதலும் விலாவில் இடித்தலும் பெரும்பாலும் இல்லை, உராய்வே உண்டு. அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட சந்திகள் சுற்றுவட்டமாக மாற்றப்பட்டபோது, காயம் விளைவித்த விபத்துகள் நான்கில் மூன்று பங்குக்கு மேற் குறைந்தன என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இந்தியானா மாநிலத்தின் கார்மெல் என்னும் சிறு நகரம் 150க்கும் மேற்பட்ட சுற்றுவட்டங்களை அமைத்துவிட்டது. கார் இல்லாதவனை மனிதனாகவே மதியாத நாடு அமெரிக்கா என்பார்கள். அந்த நாட்டிலேயே இது நடந்திருக்கிறது.

நடப்பவருக்கு இதில் என்ன? வட்டத்தை அணுகும் வண்டி, நடுத்திட்டைச் சுற்றுவதற்காகத் திரும்பியே ஆகவேண்டும். திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். பொலிஸ்காரர் நின்றாலும் நில்லாவிட்டாலும், விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும், மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும், வளைவு தன் வேலையைச் செய்யும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் மோதுண்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். 50இல் அந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 2020இல் உலக நாடுகள் கூடி வெளியிட்ட ஸ்டொக்ஹோம் பிரகடனம், மக்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30ஐ மேல்வரம்பாகக் கொள்ளுமாறு கேட்டது இதனாற்றான். இன்னொன்றும் உண்டு. வட்டத்தின் ஒவ்வொரு வாயிலிலும், வரும் வண்டிக்கும் போகும் வண்டிக்கும் இடையே ஒரு சிறு திட்டு அமைக்கப்படும். நடப்பவர் ஒரு திசை வண்டியை மட்டும் பார்த்துப் பாதி வீதியைக் கடந்து, அத்திட்டில் நின்று மூச்சுவிட்டு, மறுபாதியைக் கடக்கலாம். கடவையை வட்டத்தின் விளிம்பிலேயே வையாது, ஒரு கார் நீளம் பின்தள்ளி வைக்கவேண்டும். அப்போதுதான் சாரதி முதலில் மனிதனைப் பார்ப்பார். பிறகு வண்டியைப் பார்ப்பார்.

ஆனால் இவையெல்லாம் ஒற்றை வரிசை வட்டத்துக்கே பொருந்தும். இரண்டு மூன்று வரிசைகளில் வண்டிகள் சுழலும் பெருவட்டம் நடப்பவருக்கு நண்பனன்று. ஒரு வரிசை நிற்கும். அதன் மறைவிலிருந்து மற்ற வரிசை பாய்ந்து வரும். சான்றுக்குச் சண்டிகாருக்கோ புதுடில்லிக்கோ போகவேண்டியதில்லை, அங்கும் இதே கதைதான் என்றாலும். எமது லிப்டன் சர்க்கஸைப் பாருங்கள். அரசாங்கம் அதற்கு டி சொய்சா என்று பெயர் மாற்றியும் மக்கள் இன்னும் சர்க்கஸ் என்றே அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வட்டம் என்றுதான் பொருள். எனினும் அதைக் கடக்க முனையும் ஒருவர் காட்டவேண்டிய வித்தைகளை நோக்கினால், தமிழில் நாம் கொள்ளும் பொருளே சரியென்று தோன்றுகிறது. அதன் பக்கத்திலேதான் கண் வைத்தியசாலை இருக்கிறது. கண்ணிலே கட்டுப்போட்ட நோயாளி கடக்கவேண்டிய இடத்தில் அத்தகைய வட்டம்!

ஆதலின், கொள்கலன் லொறிகள் குவியும் எமது பெருஞ்சந்திக்கு நாம் கேட்பது சுற்றுவட்டமன்று. அங்கே சமிக்ஞை விளக்கு முறையே பொருந்தும். ஆனால் அந்தச் சமிக்ஞையில் நடப்பவருக்கென ஒரு முறை வேண்டும். எல்லாத் திசை வண்டிகளும் நின்று, முதியவர் ஒருவர் தமது கதியிற் கடந்து முடியும் வரை சிவப்பு எரியவேண்டும். பாலத்திலிருந்து வளைந்து இறங்கும் இணைப்பு வீதியின் வாயில் குறுக்கப்படவேண்டும். அங்கே சாரதியின் கண் வலப்பக்கத்து வண்டியைத் தேடுகிறது. நடப்பவரோ இடப்பக்கத்திலிருந்து அடியெடுத்து வைக்கிறார். மேம்பாலப் படிக்கட்டு ஒன்றைக் கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். பெற்றோல் குடிக்கும் வண்டி சமதரையில் ஓட, சோறு தின்னும் மனிதன் படியேறவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? முழங்கால் வலியுள்ள கிழவி ஏறுவாளா? சக்கர நாற்காலி ஏறுமா? இயலாமையுடையோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே நிறைவேற்றப்பட்டதை அந்தப் பொறியியலாளருக்கு நினைவூட்டுங்கள்.

சுற்றுவட்டம் வேண்டிய இடம் வேறு. பெருவீதிக்குப் பின்னால், நாம் குடியிருக்கும் ஒழுங்கைகள் சந்திக்கும் இடங்களே அவை. பெருவீதி நெரிசலில் அடைபட்டவுடன், வழி தெரிந்த சாரதிகள் ஒழுங்கைகளுக்குள் நுழைந்து குறுக்கே ஓடுகின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரமும் அதுவே. மறுபுறத்தில், எமது ஒழுங்கைகளிற் பல முட்டுச்சந்துகள். கால்வாயிலோ மதிலிலோ போய் முடிகின்றன. பின்வீட்டு உறவினரைக் காண்பதற்கும், இறாத்தல் பாண் வாங்குவதற்கும் பெருவீதிக்கு வந்து சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. அதாவது, வண்டிக்கு எமது ஒழுங்கை திறந்திருக்கிறது. எமக்கு அது மூடியிருக்கிறது. இது தலைகீழாக வேண்டும்.

இப்படிச் சொல்வது புதுமையன்று. 1929இலே கிளாரன்ஸ் பெரி என்ற அமெரிக்கர், பெருவீதிகள் குடியிருப்பின் எல்லையாக இருக்கவேண்டும், ஊடறுத்துச் செல்லலாகாது, நடுவிலே பள்ளிக்கூடம் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கவேண்டும் என்று எழுதினார். பார்சலோனா நகரம் அண்மைய ஆண்டுகளில் பல தெருத் தொகுதிகளை ஒன்றாக்கி, ஊடே பாயும் வண்டிகளை வெளியே திருப்பிவிட்டு, உள்தெருக்களை மக்களிடம் ஒப்படைத்தது. இவர்களுக்கெல்லாம் முன்பே எம்மவர் அறிந்ததுதான் இது. மதுரையிலே கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றையொன்று சூழ்ந்த தெருக்களை வகுத்தவர்கள், தேர் ஓடவும் வேண்டும், மனிதர் நடக்கவும் வேண்டும் என்று எண்ணியே வகுத்தனர். அத்தெருக்களை வியந்தவருள் பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொத்லாந்துப் பேரறிஞரும் ஒருவர். அவர் 1915இல் சென்னை மாகாணத்து நகரங்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். பழைய குடியிருப்புகளைக் கிழித்து அகன்ற வீதி போடும் அதிகாரிகளை அவர் கடிந்தார். தேவையான இடத்தில் மட்டும் சிறிதளவு வெட்டி, மற்றதைக் காத்துக்கொள்ளும் வைத்தியமே நகரத்துக்கு ஏற்றது என்பது அவர் கொள்கை. அதே கெடிஸ் 1921இல் கொழும்புக்கும் திட்டம் எழுதினார். கீழைத்தேயத்தின் பூங்கா நகரம் என்ற புகழ்மொழியை மட்டும் கொழும்பார் பிடித்துக்கொண்டனர், வைத்தியத்தை விட்டுவிட்டனர். பூங்கா ஏழாம் வட்டாரத்துக்குப் போயிற்று. எமக்கு வந்தது புழுதி.

கொட்டாஞ்சேனையைப் பாருங்கள். யாரும் அங்கே நடைபாதைத் திட்டம் வரையவில்லை. எனினும் தெருக்கள் குறுகியவை, ஒன்றோடொன்று இணைந்தவை; பள்ளியும் கோயிலும் தேவாலயமும் கடையும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. ஆகையால் மக்கள் நடக்கிறார்கள். மக்கள் நடப்பதால் வண்டி மெதுவாகப் போகிறது. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்குச் செல்லும்போது காலி வீதியே கால்நடை வீதியாகிவிடுகிறதன்றோ? ஆண்டுக்கு ஓரிரு நாள் முடிவது, ஒழுங்கை அளவிலே ஆண்டு முழுவதும் ஏன் முடியாது?

எனவே எமது கோரிக்கை இது. முட்டுச்சந்துகளை மதில்வழியாகவும், கால்வாய்க்கு மேலே சிறு நடைப்பாலங்கள் வழியாகவும் இணைக்கவேண்டும். ஆனால் அந்த இணைப்பில் கால்நடையும் துவிச்சக்கர வண்டியும் மட்டுமே செல்லக் கற்றூண் நாட்டவேண்டும். வண்டிகள் நுழையக்கூடிய உள்வீதிகள் சந்திக்கும் இடங்களில் சிறு சுற்றுவட்டங்கள் வேண்டும். ஒன்றை அமைத்துவிட்டு ஒதுங்கினாற் பயனில்லை. ஒரு வட்டத்தில் வேகத்தைக் குறைத்த சாரதி அடுத்த இருநூறு யாரில் அதை மீட்டுக்கொள்வார். அவருக்கு வேகமெடுக்க வாய்க்காதபடி அடுத்தடுத்து அமையவேண்டும். வீதிகளின் முழு வலையும் ஒன்றாகத் திட்டமிடப்படவேண்டும்.

இங்கேதான் உங்களுடைய அச்சத்தை நாம் அறிவோம். வட்டம் என்றால் மூலைக் காணி போய்விடும். மூலைக் காணி என்றால் ஏழையின் வீடு. பாலத்துக்காக இடம்பெயர்ந்த குடும்பங்களை நாம் மறக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 38ஆம் பிரிவில் ஒரு காப்புரை உண்டு. அவசரம் என்று அமைச்சர் கருதினால் உடனடியாக உடைமையை எடுத்துக்கொள்ளலாம். அந்த அவசரம் எப்போதும் ஏழையின் காணியிலேயே தோன்றுவதை நீதிமன்றங்களிற் கண்டு வருகிறோம். ஆகையால் எழுத்திலே வைக்கிறோம்: ஒரு வீடும் இடிக்கப்படலாகாது. சிறு சுற்றுவட்டத்துக்கு 13 மீற்றர் வெளி விட்டமே போதும். நடுத்திட்டைத் தாழ்வாக, ஏறிச் செல்லத்தக்கதாக அமைத்தால், தீயணைப்பு வண்டியும் குப்பை லொறியும் அதன்மேல் ஏறித் திரும்பிவிடும். காருக்கும் முச்சக்கர வண்டிக்கும் அது தடையாகவே இருக்கும். 13 மீற்றரும் இல்லாத இடத்தில் வட்டமே வேண்டாம். சந்தியின் தரையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் அதுவே வேகத்தைத் தடுக்கும். காணி விற்க முற்பட்டவர்கள் நகர சபையிடம் தெருக்கோட்டுச் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். வீதி நாளை அகலும் என்று உங்கள் முற்றத்திற் கோடு கீறச் சட்டத்துக்குத் தெரிகிறது. நடப்பவருக்காக வீதியிலே ஒரு கோடு கீறவும் அது கற்றுக்கொள்ளட்டும்.

முச்சக்கர வண்டித் தோழர்கள் பின்வரிசையில் முகத்தைச் சுளிப்பதைக் காண்கிறோம். அவர்களும் எம்மவரே, உங்கள் தரிப்பிடத்தை எடுக்கச் சொல்லவில்லை, திட்டத்திற் குறித்துத் தரச் சொல்கிறோம். கடவையின் வாயிலிலே நிறுத்தாதிருப்பது உங்கள் பங்கு. பார்வையற்றோர் பற்றிய ஆட்சேபம் மிகவும் நியாயமானது: சமிக்ஞைச் சந்தியில் வண்டி நிற்பதைக் காதால் அறியலாம், வட்டத்தில் அறிய முடியாது. ஆகவே உயர்த்திய கடவையும், காலால் உணரத்தக்க கற்பதிப்பும் இல்லாமல் எந்த வட்டத்தையும் நாம் ஏற்கமாட்டோம்.

பணம் எங்கே என்பார்கள். சென்னை மாநகராட்சி 2014இல், போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டியோட்டிகளுக்கும் ஒதுக்குவதென்று கொள்கை வகுத்தது. கொள்கை எழுதியதனாற் சென்னையின் நடைபாதைகள் எல்லாம் திருந்திவிடவில்லை; ஆயினும் 2019இல் தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் அகன்ற நடைபாதை வந்தது. பாலம் கட்டப் பிடிக்கும் பணத்தோடு ஒப்பிட்டால், கல்லும் சாந்தும் சிறிது பெயின்ரும் ஒரு பொருட்டா?

பணத்திலும் பெரிய தடை, யாருடைய வீதி என்ற தடை. பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. சில வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றங்களுக்கு உரியவை. அவற்றிலும் கொழும்பு மாநகர சபையும் கொலன்னாவை நகர சபையும் சந்திக்கும் விளிம்பிலே நாம் இருக்கிறோம். திட்டத்துக்கு நகர அபிவிருத்தி அதிகார சபை, வண்டிக்குப் பொலிஸ். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கை காட்டுவார். ஆகையால் ஒருவரிடம் போகாமல் அனைவரிடமும் ஒரே நாளிற் போவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இச்சந்தியின் வரைபடத்தையும், விபத்துப் பதிவுகளையும், நடப்போர் தொகை எப்போதாவது எண்ணப்பட்டதா என்பதையும் கேட்போம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தை அறிவித்தாக வேண்டும். தமிழ் அரசகரும மொழி என்பது 1987 முதல் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழிற் கேட்போம், தமிழிற் பதில் பெறுவோம். சிங்களச் சகோதரர்களும் முஸ்லிம் சகோதரர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் மொழியிற் கேட்பார்கள். லொறி மோதும்போது மொழி பார்ப்பதில்லை.

விண்ணப்பப் படிவங்கள் வாயிலருகே மேசையில் இரு மொழிகளிலும் வைக்கப்பட்டுள்ளன. கையொப்பம் மட்டும் போதாது. ஒவ்வொரு ஒழுங்கையிலிருந்தும் இருவர், வரும் வாரத்தில் ஒரு நாள் காலை ஆறரை முதல் எட்டு வரை சந்தி முனையில் நின்று, நடந்து போவோர் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர், ஊடே பாயும் வண்டிகள் எத்தனை என்று எண்ணி எழுதித் தரவேண்டும். ஒழுங்கையின் அகலத்தையும், சந்தியின் இரு மூலைகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அளந்து குறிக்கவேண்டும். நாடா இல்லாதவர்களுக்குத் தருவதற்காக நான்கு நாடாக்களைச் செயலாளர் வைத்திருக்கிறார். பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.